மிதிவண்டியும் பால்மரமும்: மலாக்காத் தமிழரின் சாலை வரலாறு

மலாக்காத் தமிழரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மூன்று வாயில்களுள் ஒன்றன் வழியாக உள்ளே நுழைவர். மலாக்காச் சுல்தான்கள் காலத்து வணிகரையும் அவர்வழி வந்த மலாக்காச் செட்டிகளையும் கொண்டு தொடங்குவது ஒன்று. 1781-ஆம் ஆண்டில் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகமூர்த்தி ஆலயத்தை முன்வைத்துக் கோயில் வரலாறாகத் தொடங்குவது மற்றொன்று. கப்பல், கங்காணி, லயன் வீடு எனத் தோட்டப்புற வரலாறாகத் தொடங்குவது மூன்றாவது. இவ்வுரையில் நாம் நான்காவது வாயில் ஒன்றைத் திறந்து பார்க்க விழைகின்றோம். அது மிதிவண்டி.

மிதிவண்டி வரலாற்றுக்குரிய பொருளா என்று சிலர் ஐயுறக்கூடும். அரசாணையும் கல்வெட்டும் ஆவணமாகும்போது, தோட்டத் தொழிலாளி தன் கூலியில் மிச்சம் பிடித்து வாங்கிய முதற்பெரும் பொருளும் ஆவணமாகத் தகும் என்பதே நம் கருத்து. இன்று மலாக்கா நகரிலிருந்து அலோர் காஜாவை நோக்கியும் ஜாசினை நோக்கியும் விடுமுறை நாள் விடியற்காலையில் அணியணியாக மிதிவண்டி ஓட்டிச் செல்வோரிடையே தமிழரும் உளர். அவர்களுடைய தாத்தாவும் பாட்டியும் அதே சாலைகளில் எவ்வாறு சென்றனர் என்று வினவினால், விடை நம்மை நெடுந்தொலைவு அழைத்துச் செல்லும்.

ஒரு பந்தயமும் ஒரு மரமும்

1888-ஆம் ஆண்டில் பெல்ஃபாஸ்ட் நகரில் வாழ்ந்த கால்நடை மருத்துவரான ஜான் பாய்டு டன்லப், காற்றடைத்த இரப்பர் உருளைப்பட்டைக்குக் காப்புரிமை பெற்றார். தம் சிறு மகனின் மூன்றுசக்கர வண்டி கல்பாவிய தெருவில் அதிராமல் ஓட வேண்டும் என்பதே அவருடைய முதல் நோக்கம். மூன்றாண்டு கழித்து, 1891-இல், பிரான்சு நாட்டில் பாரிசிலிருந்து பிரெஸ்ட் துறைமுகம் வரை சென்று மீளும் மிதிவண்டிப் பந்தயம் ஒன்று நடைபெற்றது. தொலைவு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். இரவு பகல் பாராது மிதித்து, மூன்று நாளுக்குள் முதலாவதாக வந்து சேர்ந்த ஷார்ல் தெரோனின் வண்டியில் மிஷலின் நிறுவனத்தின் காற்றடைத்த பட்டைகள் பூட்டப்பட்டிருந்தன. இரண்டாவதாக வந்தவர் ஓட்டியதோ டன்லப் பட்டை. திண்ணிய இரப்பர் பட்டையின் காலம் அத்தோடு முடிவுற்றது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மிதிவண்டி மோகம் பெருக்கெடுத்த 1890-களில் இரப்பருக்கான வேட்கையும் பெருகியது. அமேசான் காடுகளிலும் காங்கோவிலும் காட்டு இரப்பருக்காக மக்கள் பட்ட கொடுந்துயரம் உலகறிந்தது.

காட்டு இரப்பர் போதாது, நட்டு வளர்க்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பெற்றது. 1877-இலேயே கியூ தாவரப் பூங்காவிலிருந்து சிங்கப்பூருக்கு 22 இரப்பர் நாற்றுகள் வந்திருந்தன. 1888-இல் சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ஹென்றி நிக்கோலஸ் ரிட்லி, மரத்தைச் சாகடிக்காமல் பட்டையைச் சீவிப் பால் எடுக்கும் முறையைச் செம்மைப்படுத்தினார். ஆயினும் தோட்ட முதலாளிகள் எளிதில் இணங்கவில்லை. அவரை நம்பி முதன்முதலில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிட்டவர் மலாக்காவைச் சேர்ந்த தான் சே யான் என்னும் சீனப் பெருவணிகர். இடம் புக்கிட் லிந்தாங், ஆண்டு 1896. பின்னர் அவரே புக்கிட் ஆசகானில் இன்னும் விரிந்த நிலப்பரப்பில் இரப்பர் பயிரிட்டார்.

இவ்வாண்டுகளை அடுத்தடுத்து வைத்துப் பார்க்குமாறு அவையோரை வேண்டுகின்றோம். 1888-இல் உருளைப்பட்டை, 1891-இல் பந்தயம், 1896-இல் மலாக்காவில் தோட்டம். மோட்டார் வண்டி இன்னும் செல்வரின் விளையாட்டுப் பொருளாக இருந்த காலம் அது. இரப்பரை 1910-ஆம் ஆண்டின் விலை உச்சத்துக்கு ஏற்றியது மோட்டார் வண்டிதான் என்பதில் ஐயமில்லை. எனினும் முதல் விதையை ஊன்றத் தூண்டிய சந்தையில் மிதிவண்டிக்குப் பெரும்பங்கு இருந்தது. தோட்டங்கள் பெருகிய பின் அவற்றுக்கு ஆள் தேவைப்பட்டது. 1907-இல் தமிழர் குடியேற்ற நிதி நிறுவப்பட்டது. கங்காணிமார் தத்தம் ஊர்களுக்குத் திரும்பிச் சென்று உறவினரையும் ஊராரையும் அழைத்து வந்தனர். டன்லப் நிறுவனமும் மலாயாவில் தனக்கெனப் பெருந்தோட்டங்களை வாங்கியது. ஆகவே, மிதிவண்டி இந்நாட்டுக்கு நாம் வந்தபின் கண்ட பொருள் மட்டுமன்று. நாம் இங்கு வந்து சேர்ந்ததற்கான காரணங்களுள் ஒன்றும் ஆகும்.

இறங்கி நடக்கும் கட்டளை

உலகத்தின் சக்கரங்களுக்குப் பால் வெட்டிக் கொடுத்த தொழிலாளியின் கைக்குச் சக்கரம் வந்து சேரப் பல்லாண்டு ஆயிற்று. பெரட்டுக்கு நடை, வெட்டுக்கு நடை, காண்டாவில் பால்வாளிகளைத் தொங்கவிட்டு நிறுவைக் கொட்டகைக்கு நடை என்பதே அவனுடைய நாள். அருகிலுள்ள நகருக்குச் செல்வதானாலும் செம்மண் சாலையில் கால்நடைதான். 1930-களில் மலிவு விலை ஜப்பானிய மிதிவண்டிகள் மலாயாச் சந்தையில் நிறைந்தபோது நிலைமை மாறத் தொடங்கியது. சிறுகச் சிறுகச் சேமித்தோர் வண்டி வாங்கினர். வண்டி வாங்கியவனுக்குப் பக்கத்துத் தோட்டம் அண்மையிலாயிற்று. நகரத்துச் செய்தித்தாளும் கூட்டமும் கோயில் திருவிழாவும் எட்டும் தொலைவுக்கு வந்தன.

இங்கேதான் ஒரு முரண் எழுந்தது. தோட்டச் சாலையில் துரையோ கிராணியோ எதிர்ப்பட்டால் தொழிலாளி மிதிவண்டியை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கமாக இருந்தது. இது எழுதி ஒட்டிய சட்டமாக இருந்தால்கூட வாதாடியிருக்கலாம். வழக்கமாக இருந்ததாலேயே அது கொடிதாயிற்று. தமிழகத்துச் சிற்றூர்கள் பலவற்றில் ஒடுக்கப்பட்ட சாதியார் மேல்சாதியார் தெருவில் மிதிவண்டி ஓட்டலாகாது, இறங்கித் தள்ளிக்கொண்டே செல்ல வேண்டும் என்ற கொடுமை இருந்ததை நாம் அறிவோம். அத்தகைய ஊர்களிலிருந்து கடல் கடந்து வந்தோர் தோட்டங்களில் மிகப் பலர். விட்டு வந்த இழிவு வேறோர் உருவில் தோட்டத்து வாயிலில் காத்திருந்தது.

1941-ஆம் ஆண்டின் முற்பகுதியில் சிலாங்கூரின் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மாபெரும் வேலைநிறுத்தம் மூண்டது. கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தின் ஆர்.எச். நாதன் அதன் முன்னணியில் நின்றார். தொழிலாளர் வைத்த கோரிக்கைகளைப் பலரும் கூலி உயர்வு என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவர். ஆனால் பட்டியலை முழுவதும் படிப்போர்க்கு வேறொன்று புலப்படும். சீனத் தொழிலாளர்க்கு இணையான கூலி, பிள்ளைகளுக்கு முறையான கல்வி, தக்க மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுதல், பெண் தொழிலாளரிடம் அத்துமீறுவோரைத் தடுத்தல், உற்றார் உறவினர் தோட்டத்துக்குள் தடையின்றி வந்து செல்லுதல், பேசவும் கூடவும் உரிமை ஆகியவற்றோடு, துரைமார் முன்னும் கிராணிமார் முன்னும் இறங்காமல் மிதிவண்டி ஓட்டிச் செல்லும் உரிமையும் அப்பட்டியலில் இடம்பெற்றிருந்தது.

நாட்கூலி ஐம்பது காசு அளவில் இருந்த காலத்தில், உண்ணவும் உடுக்கவும் போதாத நிலையில் இருந்த மக்கள், மிதிவண்டியிலிருந்து இறங்காதிருக்கும் உரிமையைக் கூலியோடு ஒரே தாளில் எழுதினர். இதை அக்காலத்து நிருவாகத்தார் சிலர் துடுக்கு என்று கருதியிருக்கக்கூடும். நாம் அதனை வேறுவிதமாகப் படிக்கின்றோம். கூலி உயர்வு வயிற்றுக்கானது; இக்கோரிக்கை முதுகெலும்புக்கானது. சுமையேற்றிய வண்டியிலிருந்து ஒரு நாளைக்குப் பலமுறை இறங்கி ஏறுவது உடலுக்கு வருத்தம் தரும். தன் மனைவி மக்கள் பார்த்திருக்க இறங்கி நிற்பது உள்ளத்தை வருத்தும். இரண்டையும் பட்டறிந்தவர்களே அவ்வரியை எழுதியிருக்க முடியும்.

மே மாதத் தொடக்கத்தில் நாதன் கைது செய்யப்பட்டார். பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். கைதை எதிர்த்து வேலைநிறுத்தம் மேலும் பரவியது. படைகள் வரவழைக்கப்பட்டன, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் உயிரிழந்தனர். கிள்ளான் மலாக்காவுக்கு அயலூர்தான். ஆயினும் துரை, கிராணி, கங்காணி என்னும் அதே படிவரிசையே மலாக்காத் தோட்டங்களையும் ஆண்டது. ஆதலின் அக்கோரிக்கை நம் மாநிலத்துத் தோட்ட மக்களுக்கும் உரியதே.

பறிபோன வண்டிகள்

அவ்வாண்டு முடிவதற்குள் சாலைகளின் உடைமையாளர் மாறினர். 1941 டிசம்பர் 8-ஆம் நாள் ஜப்பானியப் படை மலாயாவில் இறங்கியது. அப்படையின் காலாட்கள் மிதிவண்டிகளில் விரைந்தனர். ஒரு படைப்பிரிவுக்கு ஏறத்தாழ 6,000 மிதிவண்டிகள் இருந்தன என்று அப்போர்த் திட்டத்தை வகுத்தோருள் ஒருவரான சுஜி மசனோபு எழுதியுள்ளார். ஆங்கிலேயர் போட்ட நல்ல தார்ச்சாலைகளும், முன்பே விற்பனையாகியிருந்த ஜப்பானிய வண்டிகளும் அவர்களுக்குப் பெருந்துணையாயின. பழுதான வண்டிக்கு மாற்றுறுப்பு ஏறத்தாழ எல்லா ஊரிலும் கிடைத்தது. கிடைக்காதபோது மக்களின் வண்டிகள் பறிக்கப்பட்டன. உருளைப்பட்டை கிழிந்தால் வெறும் இரும்பு வளையத்திலேயே ஓட்டிச் சென்றனர். இரவில் அவ்வோசையைக் கேட்ட எதிர்ப்படையினர் கவசவண்டிகள் வருவதாக அஞ்சியதும் உண்டு. 1942 சனவரி 14-ஆம் நாள் கெமாஸ் அருகே கெமெஞ்சே பாலத்தில் ஆஸ்திரேலியப் படையினர் மறைந்திருந்து தாக்கியபோது பாலத்தின்மீது வந்துகொண்டிருந்தவை மிதிவண்டிப் படைகளே. அதே வாரத்தில் ஜப்பானிய அரச காவற்படை மலாக்காவைக் கடந்து மூவார் ஆற்றை அடைந்தது.

அதன்பின் நேர்ந்த பேரழிவைத் தமிழர்க்கு விரித்துரைக்க வேண்டியதில்லை. சயாம் மரண ரயில்பாதைக்குத் தோட்டங்களிலிருந்து தமிழர் பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். திரும்பாதோர் மிகப் பலர். மலாக்காவுக்கு இதில் தனித்த இழப்பு ஒன்றும் உண்டு. தம்பினிலிருந்து மலாக்கா நகர் வரை 1905 முதல் ஓடிய கிளை ரயில்பாதையின் தண்டவாளங்களை ஜப்பானியர் பெயர்த்து, சயாம்–பர்மா பாதைக்குக் கொண்டு சென்றனர். ஆளையும் எடுத்தனர், இரும்பையும் எடுத்தனர். அப்பாதை மீண்டும் போடப்படவேயில்லை. இன்றும் ரயிலில் மலாக்காவுக்கு வருவோர் புலாவ் செபாங்கில் இறங்கிச் சாலை வழியேதான் நகரை அடைகின்றனர். ஆகவே போருக்குப்பின் இம்மாநிலத்து எளியோர்க்கு இரண்டே ஊர்தி எஞ்சின: பேருந்து ஒன்று, மிதிவண்டி ஒன்று.

1948-இல் அவசரகாலம் பிறந்தது. தோட்ட வாயில்களில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. காட்டிலிருந்த போராளிகளுக்கு உணவு கடத்தப்படுகிறது என்ற ஐயத்தால் ஒவ்வொரு மிதிவண்டியும் சோதிக்கப்பட்டது. சட்டத்தின் குழாய்க்குள் அரிசி மறைக்கப்படுவதும் உண்டு என்று அக்கால வரலாறுகள் கூறும். இறங்கி நிற்கும் வழக்கம் வேறு பெயரில் நீடித்தது.

தோட்டத்துக்கும் நகருக்கும் இடையே

விடுதலைக்குப் பின்வந்த இருபதாண்டுகளே தோட்டப்புறத்தில் மிதிவண்டியின் பொற்காலம். பின்னிருக்கையின் இருபுறமும் பால்வாளி கட்டிய வண்டி, பால்மரக் காட்டின் அடையாளமே ஆயிற்று. தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளைகள் இடைநிலைப்பள்ளிக்கு நகரம் செல்ல வேண்டியிருந்தது. அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் முதலிய ஊர்களைச் சூழ்ந்த தோட்டங்களின் பிள்ளைகளுக்குப் படிப்பு நீடிக்குமா நின்றுபோகுமா என்பதை வீட்டில் ஒரு மிதிவண்டி இருப்பதும் இல்லாததும் ஓரளவு முடிவு செய்தன. வண்டி ஒன்றே இருந்த வீட்டில் அது மகனுக்குச் சென்றது. மகள் தோட்டத்திலேயே நின்றாள். இவ்விழப்பையும் நம் வரலாறு எழுதியாக வேண்டும். 1990-களின் தொடக்கத்தில் தமிழகத்தின் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் கற்பித்தபோது சிற்றூர்ப் பெண்கள் பல்லாயிரக்கணக்கில் ஓட்டக் கற்றனர். தண்ணீர் எடுக்கவும் விளைபொருள் விற்கவும் பிள்ளையைப் பள்ளிக்குக் கொண்டுவிடவும் யாரையும் எதிர்பார்க்க வேண்டாதவர் ஆயினர். அத்தகைய முயற்சி நம் தோட்டங்களில் முப்பதாண்டு முன்னரே நிகழ்ந்திருந்தால் எத்தனை மகளிரின் படிப்பு தொடர்ந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது.

நகரத்துத் தமிழர்க்கோ மிதிவண்டி கடையும் ஆயிற்று. ரொட்டிக்காரர், கச்சான் பூத்தே விற்பவர், பால்காரர், விடியுமுன் செய்தித்தாள் போடுபவர் எனப் பலருடைய பிழைப்பு இரண்டு சக்கரத்தின்மேல் உருண்டது. 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் போன்ற ஏடுகள் தோட்டத்து லயன்வரை சென்றடைந்ததில் மிதிவண்டியின் பங்கு சிறிதன்று. ஒருவர் வாங்கி வந்து பலர் கூடிப் படிக்கும் அவ்வாசிப்பு வழக்கத்துக்கு வண்டியோட்டி ஒருவர் இன்றியமையாதவராக இருந்தார்.

1950-களின் இறுதியில் தோட்டத் துண்டாடல் தொடங்கியது. ஐரோப்பியர் விற்ற தோட்டங்கள் சிறுசிறு துண்டுகளாயின. வேலையும் வீடும் ஒருசேரப் பறிபோயின. துன் வீ.தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்நெருக்கடியிலேயே. 1967-இல் புக்கிட் ஆசகான் தோட்டத் தொழிலாளர் தம் குறையை எடுத்துரைக்கக் கோலாலம்பூரை நோக்கி நெடும்பயணம் புறப்பட்டனர். அவர்கள் நடந்தே சென்றனர். தான் சே யான் பயிரிட்ட அதே புக்கிட் ஆசகான்! எழுபதாண்டுகளில் அந்நிலம் உலகத்துக்குக் கொடுத்த சக்கரங்கள் எண்ணிலடங்கா. அதன் மக்கள் நீதி கேட்கச் சென்றது கால்நடையாக.

பின்னர் மோட்டார் சைக்கிள் வந்தது. இரப்பர் மரங்கள் வீழ்ந்து செம்பனை எழுந்தது. தோட்ட மக்கள் நகர்ப்புறத்துக்குக் குடிபெயர்ந்தனர். மலாக்காவில் இன்றுள்ள 21 தமிழ்ப்பள்ளிகளுள் பல, தோட்டம் கலைந்த பின்னும் தோட்டத்தின் பெயரையே தாங்கி நிற்கின்றன. மிதிவண்டி வீட்டின் பின்புறத்தில் சாய்ந்து துருவேறியது.

சொல்லும் சக்கரமும்

மொழி மன்றத்தின் அவையில் சொற்களைப் பற்றிச் சிறிதேனும் பேசாமல் செல்லுதல் முறையன்று. தமிழர் இவ்வண்டிக்கு இட்ட பெயர்கள் பல: மிதிவண்டி, ஈருருளி, துவிச்சக்கர வண்டி, சைக்கிள். இலங்கைத் தமிழர் துவிச்சக்கர வண்டி என்று நெடுங்காலம் எழுதினர். நம் பள்ளிப் பாடநூல்களில் மிதிவண்டி நிலைபெற்றது. மலாய்க்காரர் பஸிக்கல் என்பர். வடமாநிலங்களில் கெரெக் என்பதும் வழக்கு. தோட்டத்து நாவிலோ என்றும் சைக்கிள்தான். மிதிவண்டி என்னும் சொல் மனிதனின் செயலைக் குறிக்கின்றது. ஈருருளி பொருளின் வடிவைக் குறிக்கின்றது. மக்கள் மனம் செயலைச் சுட்டும் சொல்லையே பற்றிக்கொண்டது இயல்பே.

இதனினும் இன்றியமையாதது, வண்டியைச் சுற்றிப் பிறந்த வழக்குச் சொற்கள். கால் எட்டாத சிறுவன் குறுக்குத் தண்டின் கீழே காலை நுழைத்து ஓட்டும் வித்தைக்குக் குரங்குப் பெடல் என்று தமிழகத்தில் பெயர். நம் தோட்டங்களிலும் பால்வாளியைக் கட்டும் முடிச்சுக்கும், மழைநாளில் சேறு அப்பிய சக்கரத்தைத் தேய்க்கும் முறைக்கும், பஞ்சர் ஒட்டும் கருவிகளுக்கும் அவரவர் வைத்த பெயர்கள் உண்டு. எந்த அகராதியிலும் ஏறாத இச்சொற்கள், அவற்றைச் சொன்ன வாய்களோடு மறையும் நிலையில் இருக்கின்றன.

இன்றைய அணிவகுப்பு

மிதிவண்டி மீண்டும் வந்துள்ளது. இம்முறை விளையாட்டாகவும் உடற்பயிற்சியாகவும். 1996-இல் தொடங்கிய லெ தூர் டி லங்காவிப் பந்தயம் நாட்டின் கவனத்தை ஈர்த்தது. அதற்கு முன்னரே எம். குமரேசன் 1988 சியோல், 1992 பார்சலோனா ஒலிம்பிக் போட்டிகளில் மலேசியாவின் சார்பில் மிதிவண்டி ஓட்டினார் என்பதை நம் இளைஞர் பலர் அறியார். சென்னை முதலிய நகரங்களிலும் மலேசியாவிலும் இன்று 200, 300, 400, 600 கிலோமீட்டர் நெடுந்தொலைவுச் செலவுகள் நடைபெறுகின்றன. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்துக்குள் கடக்க வேண்டும் என்பது விதி. இவையெல்லாம் 1891-ஆம் ஆண்டின் அந்தப் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் மரபின் வழிவந்தவையே. நம்மை இங்குக் கொணர்ந்த காரணங்களுள் ஒன்றான பந்தயத்தின் பேரப்பிள்ளைகளில் இன்று நம் பேரப்பிள்ளைகளும் பங்கேற்கின்றனர்.

குழுச்செலவுக்கு ஓர் ஒழுங்குண்டு. முன்னே செல்பவர் காற்றைக் கிழித்துக் கொடுக்க, பின்வருவோர் குறைந்த உழைப்பில் அதே வேகத்தைப் பெறுவர். முன்னவர் களைத்தால் பின்னே ஒதுங்கி அடுத்தவர்க்கு இடம் விடுவர். பள்ளம் கண்டவர் கைகாட்டிப் பின்வருவோரை எச்சரிப்பார். பட்டை பழுதானால் அணி நின்று காத்திருக்கும். முதலாளி, கணக்கர், தொழிலாளி என்ற வேறுபாடு அவ்வணியில் செல்லாது. 1941-இல் கேட்கப்பட்டதும் ஏறத்தாழ இதுவே. எனினும் ஒரு குறையை மறைத்தல் கூடாது. இன்றைய பந்தய வண்டியின் விலை எளியோர்க்கு எட்டாதது. தோட்டத்திலிருந்து நகரின் ஓரத்துக்கு வந்து சேர்ந்த குடும்பத்துப் பிள்ளை இவ்வணியைச் சாலையோரம் நின்று பார்க்கும் நிலையும் உண்டு. இறங்கச் சொல்லும் துரை மறைந்தார். ஏறவிடாத விலை நிற்கின்றது.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்களை முன்வைத்து இவ்வுரையை நிறைவு செய்கின்றோம். முதலாவது, மலாக்கா மாநிலத்தின் தோட்டங்களில் பால் வெட்டி வாழ்ந்து இன்று எண்பது அகவையைத் தொட்டோரிடம் சென்று, அவர்தம் மிதிவண்டி நினைவுகளையும் அவற்றோடு ஒட்டிய சொற்களையும் ஒலிப்பதிவு செய்தல் வேண்டும். என்ன விலைக்கு வாங்கினர், யாரிடம் ஓட்டக் கற்றனர், யார் முன் இறங்கினர், எந்த நாளில் இறங்காமல் சென்றனர் என்னும் நான்கு வினாக்களே போதும். தமிழ்ப்பள்ளி மாணவரும் இப்பணியைச் செய்யலாம். இரண்டாவது, வாரந்தோறும் சாலையில் செல்லும் நம் மிதிவண்டி அன்பர்கள், ஆண்டுக்கு ஒருமுறையேனும் புக்கிட் லிந்தாங், புக்கிட் ஆசகான் வழியே தம் செலவை அமைத்து, வண்டி இல்லாத பிள்ளைகளுக்கும் வண்டி தேடிக் கொடுத்து உடன் அழைத்துச் செல்லுதல் வேண்டும். அம்மேடுகளில் ஏறும்போது மூச்சு வாங்கும். அப்போது யாரும் இறங்கித் தள்ளலாம். களைப்புக்காக இறங்குவதில் இழிவு ஏதுமில்லை.